எஸ்பியர்க் டயரி: பாம்பைக் கழட்டியாச்சா?

டென்மார்க்கில் யாரும் "அக்டோபர் மூணாவது வாரம்"னு சொல்ல மாட்டாங்க. "வாரம் 42"ன்னுதான் சொல்லுவாங்க. பல் டாக்டர் அப்பாயின்ட்மென்டா, வாரம் 38. கோடை லீவா, வாரம் 28ல இருந்து 30. வந்த புதுசுல காலண்டரை வெச்சுக்கிட்டு விரல் விட்டு எண்ணிட்டு இருப்பேன். இந்த 42வது வாரம் பள்ளிக்கூடங்களுக்கு இலையுதிர்கால லீவு. பழைய பேர் உருளைக்கிழங்கு லீவு. அந்தக் காலத்துல பிள்ளைங்க வயல்ல உருளைக்கிழங்கு பொறுக்கப் போகணும்னு விட்ட லீவாம். இப்போ யாரும் பொறுக்கப் போறதில்லை. ஆனா நான் குடியிருக்கிற வீட்டுல 42வது வாரத்துக்குன்னு ஒரு சடங்கு உண்டு. தோட்டத்துக் குழாயை அடைக்கிறது.

குழாயை அடைக்கிறதுக்கெல்லாம் ஒரு பதிவான்னு கேக்காதீங்க மக்களே. இந்தக் குழாயால நான் பட்ட பாடு அப்படி. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

நான் இங்க வந்தது 2023 செப்டம்பர். குடிவந்தது ஒரு பழைய செங்கல் வீடு. கீழே பேஸ்மென்ட், நடுவுல வீட்டுக்காரப் பாட்டி, மாடியில நான். பாட்டிக்கு எண்பதை நெருங்குது. டேனிஷ்ல "நீங்க"ன்னு ஒரு சொல் இருக்கு, ஆனா கிட்டத்தட்ட யாரும் அதை எடுக்கறதில்லை. எல்லாருக்கும் "டு", அதாவது "நீ". புரொபசரும் நீ, எண்பது வயசுப் பாட்டியும் நீ, போதாக்குறைக்குப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். எனக்கு இன்னிக்கும் நாக்கு கூசுது. அதனால இங்க பாட்டின்னே எழுதறேன்.

அந்த வருஷம் 42வது வாரம் பாட்டி கோபன்ஹேகன்ல இருக்கிற மக வீட்டுக்குப் போயிட்டாங்க. போறப்ப ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு துண்டுச்சீட்டு ஒட்டிட்டுப் போனாங்க. ரெண்டே வார்த்தை. "ஹுஸ்க் ஸ்லாங்கன்!" ஆச்சரியக்குறியோட. எனக்கு அப்போ டேனிஷ்ல தெரிஞ்சது "தாக்" மட்டும்தான். போனை எடுத்து மொழிபெயர்ப்புல போட்டேன். வந்த பதில்:

"பாம்பை மறக்காதே!"

விழுந்து விழுந்து சிரிச்சேன். டேனிஷ்காரங்க ஜோக்கு அப்படித்தான் மொட்டையா இருக்கும்னு சீனியர் ஒருத்தர் சொல்லியிருந்தார். சரி, இது ஏதோ அந்த வகைன்னு நினைச்சு, சீட்டை போட்டோ புடிச்சு வீட்டு வாட்ஸப் குரூப்புல வேற போட்டேன். அம்மா உடனே, "என்னடா, அங்க பாம்பெல்லாம் வருமா? கதவைச் சாத்திப் படு"ன்னு அனுப்பினாங்க.

நிற்க. டேனிஷ்ல "ஸ்லாங்க" என்றால் பாம்பு. அதே "ஸ்லாங்க" என்றால் தோட்டத்து ஓஸ் பைப்பும்தான். பாட்டி சொன்னது, குளிர் வரப்போகுது, வெளிக்குழாயில மாட்டியிருக்கிற ஓஸைக் கழட்ட மறக்காதேன்னு. பாம்பு அங்கேயே சுருண்டு கிடந்தது, வாய்ல துப்பாக்கி மாதிரி இருக்கிற நாசில் மாட்டினபடி. நானும் அது பாட்டுக்குக் கிடக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஒண்ணு சொல்லணும். எஸ்பியர்க் குளிர் ஆளை ஏமாத்துற குளிர். யூட்லாந்தின் மேற்குக் கரை, எதிர்ல ஃபானோ தீவு, அதைத் தாண்டி வடகடல். குளிர்காலத்துல முக்கால்வாசி நாள் மேற்குக் காத்துதான். அது கடல் மேல வர்றதால மழையும் ஈரமும்தான் கொண்டுவரும். தெர்மாமீட்டர் 2, 3, 5ன்னு பூஜ்யத்துக்கு மேலயே ஆடிட்டு இருக்கும். குடை திரும்பிக்கும், முகத்துல உப்புத் தண்ணி அடிக்கும், ஆனா எதுவும் உறையாது. நாமளும் "இவ்ளோதானா டென்மார்க்"னு மீசையை முறுக்குவோம். திடீர்னு ஒரு நாள் காத்து கிழக்குல இருந்து திரும்பும். அது நிலத்து மேல வர்ற காத்து, மழை இருக்காது, வானம் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கும். அன்னிக்கு ராத்திரிதான் வேட்டு. இந்த நாட்டுல அளந்ததிலேயே குறைஞ்ச வெப்பநிலை மைனஸ் 31.2 டிகிரி, 1982 ஜனவரி 8ஆம் தேதி. எங்கேன்னா நம்ம யூட்லாந்துலயேதான், வடமேற்குல இருக்கிற ஹோர்ஸ்டெட்ல.

2024 ஜனவரி முதல் வாரம் அப்படித்தான் திரும்புச்சு. ராண்டர்ஸ் பக்கம் நெடுஞ்சாலையில பனிப்புயல்ல மாட்டிக்கிட்டு ஜனங்க கார்லயே விடிய விடிய உக்காந்திருந்தாங்களே, அந்த வாரம். நான் ரூம்ல ஜன்னலோரம் பனியை போட்டோ எடுத்துட்டு இருந்தேன். வீட்டுக்குள்ள டிசர்ட்டோட இருக்கலாம். இங்க ஊர் முழுக்க தரைக்கடியில வெந்நீர்க் குழாய் ஓடுது. முன்னாடி நிலக்கரி ஆலையில இருந்து சூடு வந்துச்சு. 2024ல அதை மூடிட்டு, கடல்தண்ணியில இருந்து சூட்டை உறிஞ்சுற ராட்சச ஹீட் பம்ப் வெச்சுட்டாங்க. உள்ளே இவ்ளோ சொகுசா இருந்தா, வெளிச்சுவத்துல ஒரு குழாய் இருக்குங்கிறது எவனுக்கு ஞாபகம் வரும்?

ஜனவரி போச்சு. ஒண்ணும் ஆகலை. பிப்ரவரி, மார்ச். ஒண்ணும் ஆகலை. ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை, வெயில் அடிச்சுது, சைக்கிளைக் கழுவலாம்னு குழாயைத் திறந்தேன். தண்ணி வந்துச்சு. கொஞ்சம் மெதுவா வந்த மாதிரி இருந்தது, கண்டுக்கலை. இருபது நிமிஷம் நல்லா தேச்சுத் தேச்சுக் கழுவிட்டு, காத்தடிக்கிற பம்ப்பை எடுக்க பேஸ்மென்ட்டுக்கு இறங்கினா, கடைசிப் படியில கால் வெச்சதும் சளக்.

சுவத்துக்கு உள்பக்கமா தண்ணி வழிஞ்சுட்டு இருந்தது. குழாய் இருக்கிற அதே சுவர். அதுக்கு நேர் கீழே பாட்டியோட வீட்டுக்காரர் பயன்படுத்தின தச்சு மேஜை. மேஜைக்கு அடியில மூணு அட்டைப்பெட்டி. அவர் தவறி ஆறு வருஷம் ஆச்சாம். அந்தப் பெட்டிங்கள்ல இருந்தது போட்டோ.

ஓடிப்போய்க் குழாயை மூடினேன். வழியறது நின்னுது. பாட்டியைக் கூப்பிட்டேன். இறங்கி வந்தாங்க, சுவத்தைப் பாத்தாங்க, ஜன்னல் வழியா வெளிய கிடந்த ஓஸைப் பாத்தாங்க. "நோ... ஸ்லாங்கன்." அவ்ளோதான் சொன்னாங்க. இந்த "நோ"வுக்கு "இல்லை"ன்னு அர்த்தம் கிடையாது. அப்படியா, ஆமால்ல, போச்சு போ, எல்லாத்துக்கும் டேனிஷ்ல ஒரே "நோ"தான். அன்னிக்கு எது அர்த்தம்னு எனக்கு நல்லாவே புரிஞ்சுது. திட்டியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்தது.

சாயங்காலம் முழுக்க ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்ட போட்டோக்களைப் பிரிச்சு, நியூஸ்பேப்பர் மேல வரிசையா வெச்சுக் காயப்போட்டோம். ரேடியேட்டர் மேல வேண்டாம், சுருண்டுடும்னாங்க. ஒரு பெட்டி தப்பிச்சுது. ஒண்ணுல பாதி. கீழ இருந்த பெட்டியில பெரும்பாலானது பசை மாதிரி ஆயிடுச்சு, பிரிச்சா மூஞ்சி இந்தப் பக்கமும் முதுகு அந்தப் பக்கமுமா வருது. ஒரு படத்துல சின்ன வயசு பாட்டி, துறைமுகத்துல மீன்பிடி படகு முன்னாடி, காத்துல ஸ்கார்ஃபைப் பிடிச்சுக்கிட்டு. அது தப்பிச்சுது.

ஜனவரியில உடைஞ்சது ஏப்ரல்ல எப்படி ஒழுகும்? இதுதான் எனக்குப் புரியவே இல்லை. மறுநாள் வந்த பிளம்பர் (இங்க வி.வி.எஸ். ஆளுன்னு சொல்லணும், வெப்பம், காற்றோட்டம், சுகாதாரம் மூணுக்கும் சேத்து) சுவத்தைக் குடைஞ்சு குழாயை உருவி எடுத்துக் காட்டினார். அரையடிக்கு மேல நீளம். செப்புக் குழலோட வயித்துல ஒரு கீறல், பிளேடால கிழிச்ச மாதிரி.

நம்மூர்க் குழாய்ல திருகுற இடத்துலயே வாஷர் இருக்கும், அங்கேயே தண்ணி நிக்கும். இந்தக் குழாய் வேற ஜாதி. "உறையாத குழாய்"னு பேர். கைப்பிடி வெளிச்சுவத்துல இருக்கும், ஆனா தண்ணியை அடைக்கிற வால்வு ஒரு நீளத் தண்டோட அந்தக் கடைசியில, சுவத்தைத் தாண்டி வீட்டுக்குள்ள கதகதப்புல இருக்கும். மூடினதும் உள்ள குழல்ல மிச்சமிருக்கிற தண்ணி வெளிப்பக்கமா வடிஞ்சுடணும், அதுக்காகவே லேசா வெளிப்பக்கம் சாய்ச்சு வெப்பாங்க. வெறுங்குழல்ல உறைய என்ன இருக்கு? நல்ல யோசனைதான். ஆனா வாய்ல ஓஸ் மாட்டி, ஓஸோட அந்த நுனியில நாசிலும் மூடியிருந்தா தண்ணி எங்கே வடியும்? குழல்லயே நிக்கும். உறையும். குழல் கீறும். வால்வு அதுக்குப் பின்னாடி மூடியே இருக்கிறதால அப்போ ஒரு சொட்டு ஒழுகாது. அடுத்த தடவை யாராவது நல்லவன் சைக்கிள் கழுவத் திறக்கிறப்போ, பாதித் தண்ணி ஓஸ் வழியா, மீதி சுவத்துக்குள்ள.

சொந்தச் செலவுல சூனியம்னு இதைத்தான் சொல்றது.

வீட்டு இன்ஷூரன்ஸ் வேலைச் செலவைக் கொடுத்துச்சு. சொந்தப் பொறுப்புத் தொகைன்னு ஒண்ணு கையில இருந்து கட்டணும், அதுல பாதியை நான் கொடுத்தேன். பாட்டி வேண்டாம்னாங்க, மேஜை மேல வெச்சுட்டு வந்துட்டேன். போட்டோவுக்கு எந்த இன்ஷூரன்ஸ் இருக்கு?

அப்பாகிட்ட போன்ல சொன்னப்ப அவருக்கு நம்பிக்கையே வரலை. "தண்ணி பைப்பை உடைக்குமாடே? இரும்பு பைப்பையுமா?" எங்க வீடு பாளையங்கோட்டை. மொட்டைமாடியில கறுப்பு சின்டெக்ஸ் டேங்க், அங்கேருந்து பி.வி.சி. பைப் வெளிச்சுவத்துலதான் ஊர்ந்து இறங்கும். சித்திரை மாசம் மத்தியானம் குழாயைத் திறந்தா காபி போடலாம். பைப் விரிசல் விட்டா எம்-சீல், அதுக்கும் அடங்கலைன்னா பழைய சைக்கிள் டியூபைக் கிழிச்சு இறுக்கக் கட்டு. அப்பா கேட்டதும் அதான், "எம்-சீல் கிடைக்காதாடே அங்க?" அவரைச் சொல்லிக் குத்தமில்லை. தமிழ்நாட்டுல உறைபனின்னா ஊட்டி, தலைகுந்தா, அவலாஞ்சி. அங்கயும் ராத்திரி பூஜ்யத்தைத் தொட்டுட்டு, வெயில் வந்ததும் புல்லு மேல இருக்கிற வெள்ளை காணாமப் போயிடும். காஷ்மீர்க்காரங்களைக் கேளுங்க. டிசம்பர் 21ல இருந்து நாப்பது நாள் "சில்லை கலான்". ஸ்ரீநகர்ல காலையில குழாய்க்குப் பக்கத்துல நெருப்பு மூட்டி உருக்கிட்டு இருப்பாங்க.

குளிருக்குப் பழகாத ஊருக்குக் குளிர் வந்தா என்ன ஆகும்கிறதுக்கு 2021 பிப்ரவரி டெக்சாஸ் போதும். அங்க வீடு கட்டறது வெயிலை நினைச்சு. பைப்பெல்லாம் பரண்லயும் வெளிச்சுவத்துலயும் ஓடும். கரன்ட் போச்சு, வீடு குளிர்ந்துச்சு, பைப் வெடிச்சுது, ஊர்ப் பைப்புல அழுத்தம் போச்சு. கடைசியில ஒரு கோடி பேருக்கு மேல தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்கன்னு அறிவிப்பு.

அந்த ஐஸ் எப்படி உடைக்குதுங்கிற விஷயத்துலயும் நான் தப்பாத்தான் நினைச்சிருந்தேன். தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் பெருக்கும், அது பள்ளிக்கூடத்துல படிச்சது. ஐஸ் பக்கவாட்டுல நெட்டித் தள்ளிப் பைப்பைப் பிளக்கும்னு நினைச்சேன். அப்படியும் ஆகலாம். ஆனா பல சமயம் நடக்கிறது வேற. பைப்புக்குள்ள ஒரு இடத்துல ஐஸ் தக்கை மாதிரி அடைச்சுக்கும். அந்தத் தக்கை வளர வளர, அதுக்கும் மூடின குழாய்க்கும் நடுவுல மாட்டின தண்ணிக்குப் போக்கிடம் இல்லை. தண்ணி லேசுல அமுங்காது, அழுத்தம் கன்னாபின்னான்னு ஏறும். பலவீனமான இடம் எதுவோ அது விட்டுக்கொடுக்கும், அங்க ஐஸே இல்லாமக்கூட இருக்கலாம்.

இதை எனக்குப் புரியவெச்சது இங்க முப்பத்தஞ்சு வருஷமா இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. வந்த புதுசுல மீன் தொழிற்சாலை, பிறகு கட்டட வேலைன்னு எல்லாம் பாத்தவர். என் கதையைக் கேட்டுட்டு சிரிக்கவே இல்லை.

"பைப்பைப் பூட்டினாக் காணாது தம்பி. பூட்டிப்போட்டுத் திறந்தும் விடவேணும். விளங்குதோ?"

விளங்கலைன்னேன். வீட்டுக்கே வந்துட்டார். பாட்டி வீட்டுப் பின்பக்கம் கார் ஷெட்டுல இன்னொரு குழாய் இருக்கு, அது பழைய சாதாக் குழாய். அதை வெச்சுக் காட்டினார். பேஸ்மென்ட்ல அந்தக் குழாய்க்குப் போற லைன்ல ஒரு வால்வு இருக்கும், முதல்ல அதை மூடணும். அப்புறம் வெளிய போய்க் குழாயை முழுசாத் திறக்கணும், வர்ற தண்ணி வந்து நிக்கட்டும். திரும்ப உள்ள வந்து, வால்வோட பக்கவாட்டுல இருக்கிற சின்ன மூடியை (அதைக் கவனிச்சே இருக்க மாட்டோம், பித்தளையில ஒரு பொத்தான் மாதிரி இருக்கும்) கழட்டினா, மேல இருந்து காத்து இறங்கி, நடுவுல நின்ன தண்ணி கொளக் கொளக்னு வடியும். கீழ ஒரு வாளி வைக்கணும். நான் வைக்கலை, அதையும் அண்ணை சொல்லித்தான் வெச்சேன். வடிஞ்சு முடிஞ்சதும் சின்ன மூடியைத் திரும்பப் போட்டுடலாம். வெளிக்குழாய் மட்டும் குளிர்காலம் முழுக்கத் திறந்தே இருக்கணும். மிச்சம் மீதி சொட்டு உறைஞ்சாலும் பெருக்க இடம் இருக்குமே.

"அப்ப அந்த மற்றப் பைப்?"னு உறையாத குழாயைக் கேட்டேன். "அதுக்கு ஓஸைக் கழட்டினாச் சரி. கழட்டிப்போட்டு ஒருக்காத் திறந்து பூட்டிப் பார். பூட்டினாப் பிறகும் கொஞ்ச நேரம் சொட்டவேணும். சொட்டேல்லையெண்டால் சரிவு பிழை, ஆளைக் கூப்பிடு." குழாய் இணைப்பு வேலையெல்லாம் நம்ம இஷ்டத்துக்கு இங்க பண்ண முடியாது, சில்லறை வேலை தவிர எல்லாத்துக்கும் உரிமம் வாங்கின ஆள்தான் வரணும். மூடறதும் வடிக்கிறதும் நம்ம வேலை.

தரைக்கடியில வர்ற பைப்பைப் பத்திப் பெருசா கவலை வேண்டாமாம். டென்மார்க்கில் உறையாத ஆழம்னு 90 சென்டிமீட்டரைக் கணக்கு வெச்சுத்தான் அஸ்திவாரமே போடறாங்க. பைப்பும் அதுக்குக் கீழ போயிடும். ஆபத்து தரைக்கு மேல வர்ற அந்த ரெண்டு முழத்துலதான். தோட்டத்துல மீட்டர் குழி இருந்தா அதோட மூடிக்குக் கீழ தெர்மோகோல் மாதிரி ஏதாவது வெச்சு மூடணும். வைக்கோலும் பழைய துணியும் வேண்டாம், நனைஞ்சா பிரயோஜனமில்லை.

அண்ணைக்கு ஃபானோவுலயும் ப்ளோவாண்ட் பக்கமும் கோடைவீடுங்களை மூடற வேலை செஞ்ச அனுபவம் உண்டு. அக்டோபர்ல ஆள் கிளம்பினா ஈஸ்டருக்குத்தான் வருவாங்க. அங்க குழாய் மட்டும் இல்லை, வெந்நீர்த் தொட்டி, டாய்லெட் டேங்க், பாத்திரம் கழுவற மெஷின் எல்லாத்துலயும் தண்ணி ஒளிஞ்சிருக்கும். எல்லாத்தையும் வடிச்ச பிறகும் டாய்லெட் வளைவுலயும் தரை வடிகால்லயும் கொஞ்சம் நிக்கும். அதுல உப்போ உறைதடுப்புத் திரவமோ ஊத்தணும். ஒரு வீட்டுல எல்லாம் பண்ணிட்டு ஷவர் தலையை மறந்துட்டாராம். "பூ மாதிரி விரிஞ்சு கிடந்தது தம்பி"ன்னார். அப்போதான் சிரிச்சார்.

அப்படியும் உறைஞ்சு போச்சுன்னா? கேஸ் விளக்கு, நெருப்பு எதையும் கிட்ட கொண்டுபோகக் கூடாது. குழாயைத் திறந்து வெச்சுட்டு, வாய்ப்பக்கம் இருந்து ஆரம்பிச்சு உள்பக்கமா ஹேர் டிரையரால மெதுவா. வாய்ப்பக்கம் முதல்ல, ஏன்னா உருகின தண்ணிக்கு வெளிய வர வழி வேணும். அதோட ஒருத்தர் உள்ள வால்வுகிட்ட நிக்கணும், கீறல் இருந்தா அப்போதான் தெரியும். இன்னொரு விஷயம்: வசந்தத்துல முதல் தடவை திறக்கிறப்ப, ஒருத்தர் வெளிய திறக்க, ஒருத்தர் பேஸ்மென்ட்ல நின்னு சுவத்தைப் பாக்கணும். இது மட்டும் எனக்குத் தெரிஞ்சிருந்தா இருபது நிமிஷம் இருபது விநாடியாப் போயிருக்கும்.

இந்த வருஷம் 42வது வாரம் ஞாயித்துக்கிழமை காலையில பாட்டி மாடிக் கதவைத் தட்டினாங்க. நான் அதுக்கு முந்தின நாளே எல்லாம் முடிச்சுட்டேன். ஓஸைக் கழட்டி, தண்ணியை உதறி, பேஸ்மென்ட்ல தச்சு மேஜைக்கு மேல இருக்கிற ஆணியில சுருட்டி மாட்டியாச்சு. நாசில் தனியா, மேஜை டிராயர்ல. கார் ஷெட் லைனை வடிச்சாச்சு, வாளியோட. போட்டோ பெட்டிங்க இப்போ மேஜைக்கு அடியில இல்லை, பாட்டியோட அலமாரியில. பாட்டி கூடவே இறங்கி வந்து ஆணியைப் பாத்தாங்க, வால்வைத் தொட்டு ஒரு தடவை இறுக்கிப் பாத்தாங்க. மேல வந்து ஃப்ரிட்ஜ்ல அதே சீட்டை எழுதி ஒட்டினாங்க. கழட்டியாச்சே, எதுக்குன்னு கேட்டேன்.

"வசந்தத்துல மாட்டறதுக்கு"ன்னாங்க. "போட்டோவெல்லாம் எங்க இருக்குன்னு பாத்துட்டு மாட்டு."

மழைத்தண்ணித் தொட்டி மட்டும் பாக்கி. அதையும் கவுத்து வைக்கணுமாம், அடுத்த சனிக்கிழமை. காத்து இன்னும் மேற்குலதான் இருக்கு.

டிஸ்கி: மேல சொன்ன உறைதடுப்புத் திரவம்னதும் காருக்கு ஊத்தறதை எடுத்துட்டுப் போகாதீங்க. அதுல பெரும்பாலும் எத்திலீன் கிளைகால், விஷம். கோடைவீட்டுக்குன்னே தனியா விக்கிறாங்க, அதைக் கேட்டு வாங்குங்க.